உட்காரத் தெரியாத உழவாரன்

ஓசூரில் ஷிஃப்ட் முடித்து தர்மபுரி பஸ் பிடித்தால், கிருஷ்ணகிரி தாண்டியதும் காவேரிப்பட்டினம். மாம்பழத்துக்கும் நிப்பட்டுக்கும் பேர்போன ஊர். நான் இறங்கியது இரண்டுக்கும் இல்லை... தென்பெண்ணைக் கரையில் பனைமரம் பார்க்க! நம்புங்க சார்!

சாயங்காலமானால் பனைக்கு மேலே கீச்சுக்கீச்சென்று வட்டமடிக்கின்றன பனை உழவாரன்கள். பறக்கிற குட்டி அரிவாள் மாதிரி இருக்கும். நீளம் 13 செ.மீ.தான். கால் ரொம்பக் குட்டை. கிளையிலோ கம்பியிலோ உட்கார வராது. தொற்றிக்கொள்ள மட்டும்தான் முடியும். பூச்சி பிடிப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் பறந்தபடியே. நாள் முழுக்க நாற்காலி தேய்க்கிற நமக்கு நேர் எதிர்!

வீடு? தொங்கும் ஓலையின் அடிப்பக்கம். இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு. முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டிவிடும். காற்றில் ஓலை என்ன ஆட்டம் போட்டாலும் விழாது. சிமென்ட்டும் இல்லை, வீட்டுக் கடனும் இல்லை!

இதற்குக் காட்டிலும் ஒரு சொந்தம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் வெள்ளை இடுப்புக் குட்டி உழவாரன். 11 செ.மீ.தான். அது கூடு வைப்பது மரப்பொந்தில். பட்ட மரமென்று வெட்டினால் அதற்கு வீடு போச்சு. காய்ந்த ஓலையென்று கழித்தால் இதற்கு.

கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. சரி, மரத்தை அரசு பார்த்துக்கும். கூடு தொங்குகிற ஓலையை நாமதானே விட்டுவைக்கணும்?