திங்கட்கிழமைப் பகற்சாப்பாடு

பெங்களூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தாருள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். நாம் அக்கூட்டத்தில் சேர்ந்தவரல்லர். ரயில்வேயில் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னால் அமரும் எழுத்தர் நாம். தொடர்ந்து வேலை செய்வோருக்கு வாரத்தில் இடைவிடாத 30 மணி நேர ஓய்வு தரவேண்டுமென்று 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் கூறுகிறது. அந்த ஓய்வு எந்தக் கிழமையில் விழும் என்பதை முறைப்பட்டியல் தீர்மானிக்கிறது. நமக்குத் திங்கட்கிழமை விழுந்தது.

திங்கட்கிழமை ஓய்வு என்பது ஊரெல்லாம் ஓடும்போது ஒருவன் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை ஒக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். நண்பர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகத்துக்குப் போகலாமென்றால் அன்றுதான் அதற்கும் விடுமுறை. (சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, முடிதிருத்தும் நிலையங்களுக்கோ செவ்வாய். எந்தக் கிழமையில் எது திறந்திருக்கும் என்று கூறும் பஞ்சாங்கம் ஒன்றை யாரேனும் அச்சிட்டால் நாம் முதற்பிரதியை வாங்குவோம்.) ஆயினும் அந்நாளில் நமக்கு ஒரு கடமை உண்டு. நம் இல்லத்தரசி திருமணமான புதிதிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “என்னங்க, உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. என் அடுப்புக்கு ஒரு வேளையாவது ஓய்வு வேண்டாமா? பிறர் சமைத்ததை நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.” நியாயமான வழக்கு. ஆதலின் திங்கட்கிழமைப் பகற்சாப்பாட்டைத் தேடி இந்நகரைச் சுற்றத் தொடங்கினோம்.

பெங்களூரில் சாப்பாடு என்றதும் விருந்தினர் முதலில் சொல்லும் பெயர் மாவள்ளி டிபன் ரூம்ஸ்; எம்.டி.ஆர். என்றால் ஆட்டோக்காரருக்கும் புரியும். உடுப்பிச் சீமையிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924 இல் பிராமின் காபி கிளப் என்ற பெயரில் தொடங்கியது இது. சகோதரருள் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951 இல் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள உணவு விடுதிகளின் தூய்மையைப் பார்த்து வந்தார். திரும்பியதும் பாத்திரங்களை நீராவியில் சுத்திகரிக்கச் செய்தார். உண்ண வருவோர் சமையற்கட்டைக் கண்ணால் கண்டுவிட்டுச் செல்லவும் வழிவகுத்தார். 1960 இல் கடை லால்பாக் சாலைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமையால் ரவையில் இட்டிலி செய்து பார்த்தோம் என்பது அவ்விடத்தார் சொல்லும் வரலாறு. நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு உணவின் விலையைக் கட்டுப்படுத்தியபோது, அன்றாட நஷ்டத்தைப் பலகையில் எழுதி வாயிலில் மாட்டிய துணிச்சலும் அவர்களுடையதே. பகலில் அங்கு முழுச் சாப்பாடு உண்டு. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் பண்டங்களை உண்டு எழும்போது படியிறங்குவதே சிரமமாகிவிடும்.

இத்தனையும் இருந்து என்ன? லால்பாக் சாலையிலுள்ள அந்தத் தாய்க் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

பசவனகுடியின் காந்தி பஜாரில் 1943 இல் தோன்றிய வித்யார்த்தி பவன் இருக்கிறதே என்று அன்பர்கள் கேட்கலாம். அதற்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை; திங்களன்று தாராளமாகத் திறந்திருக்கும். ஆனால் அது தோசைக்குப் பேர்போன சிற்றுண்டிச்சாலை. முற்பகலில் கதவைச் சாத்திவிட்டுப் பிற்பகலில் மீண்டும் திறப்பார்கள். சாப்பாட்டு வேளை அவர்களுக்கு இளைப்பாறும் வேளை. சங்கரபுரத்தில் 1965 இலிருந்து நடக்கும் பிராமின்ஸ் காபி பாரில் இட்டிலியும் வடையும் காராபாத்தும் கேசரிபாத்தும் காபியும் தவிர வேறெதுவும் தேட வேண்டுவதில்லை. அதற்கு விடுமுறை ஞாயிறு. உச்சிப்பொழுதில் அதுவும் ஓய்ந்துவிடும். இவற்றை நம்பிப் பகல் ஒரு மணிக்குப் போனால் பூங்காப் பெஞ்சில் அமர்ந்து கடலை கொறிக்க நேரும். பசவனகுடியில் கடலைக்குப் பஞ்சமில்லை. அங்கே கடலைக்காய்த் திருவிழாவே நடக்கிறது. ஆனால் அது சாப்பாடு ஆகாது.

ஒரு வீட்டின் விடுமுறை நாளைச் சொன்னால் அவ்வீட்டுக்கு யார் உண்ண வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்பது நாம் கண்டறிந்தது. குடும்பங்களை நம்பி நடக்கும் கடைக்கு ஞாயிறு பெருநாள். எம்.டி.ஆரில் சந்திரஹாரம் என்னும் இனிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கென்றே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தைச் சமாளித்த கைகள் மறுநாள் ஓயவேண்டும். அலுவலகத்தாரையும் தனியாட்களையும் நம்பி நடக்கும் மெஸ்ஸோ ஞாயிறன்று ஈயோட்டும். ஆகவே அன்று பூட்டிவிட்டுத் திங்களன்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கும்.

இதை நமக்கு விளங்கவைத்தவர் புதுச்சேரி மைத்துனர். அவர்கள் 1962 இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். அவர் பாரிசு நகரத்தில் ஓர் உணவு விடுதியில் பாத்திரம் துலக்குபவராகச் சேர்ந்து, காய் நறுக்குபவராகி, கடைசியில் அடுப்படிக்கு உயர்ந்து ஓய்வுபெற்றவர். சென்ற ஆண்டு நம் இல்லத்துக்கு வந்திருந்தார். வந்த நாள் திங்கட்கிழமை. பெரிய இடத்துக்கு அழைத்துச் செல்ல வழியில்லையே என்று நம் இல்லத்தரசி வருந்தவும் அவர் சிரித்தார்.

“மாப்பிள்ளை, நான் வேலை பார்த்த கடைக்கும் திங்கட்கிழமைதான் பூட்டு. அங்கே இதே தொல்லைதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திங்கள் மத்தியானம் நல்ல கடை எங்கே திறந்திருக்கும் என்று தெருத்தெருவாக அலைவார்கள். ஞாயிறு மத்தியானம் தாத்தா பாட்டி பேரன் என்று குடும்பமே வந்து மூன்று மணி நேரம் உட்காரும். அன்றைக்கு அடுப்பை அணைத்தால் முதலாளி பிழைப்பாரா? மீன் மொத்தச் சந்தையும் ஞாயிறு ஓய்ந்துவிடும். திங்களன்று நல்ல மீன் கிடைப்பது அரிது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் திங்கட்கிழமையைக் கழித்துவிட்டார்கள்.”

பிரெஞ்சு நாட்டில் 1906 ஜூலை 13 ஆம் நாள் சட்டம் தொழிலாளர்க்கு வாரத்தில் 24 மணி நேர ஓய்வை அளித்தது. அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. உணவு விடுதி போன்றவற்றுக்கு வேறு நாளில் முறைவைத்துக் கொடுக்க விலக்குண்டு. நம் நாட்டிலும் 1942 இல் வந்த வார விடுமுறைச் சட்டம் இதே வேற்றுமையைச் செய்தது. கடையென்றால் வாரத்தில் ஒரு நாள் அடைக்கவேண்டும். உணவு விடுதியும் நாடகக் கொட்டகையும் என்றால் வேலையாளுக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தால் போதும். ஆகவே உணவு விடுதி முறைவைத்து ஆள் மாற்றி ஏழு நாளும் நடக்கலாம். பின் ஏன் சிலர் முழுக்கதவையும் சாத்துகிறார்கள்? சரக்கு மாஸ்டர் ஒருவர் கையை நம்பியே ருசி நிற்கும் இடத்தில், அவர் ஓயும் நாளில் வேறொருவர் கரண்டி பிடித்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஒரே நாளில் எல்லாருமாக ஓய்வதுதான் அங்கே லாபம். ஏழு நாளும் திறக்கும் இடத்தில் அளவும் செய்முறையும் தாளில் எழுதியிருக்கும். யார் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

மைத்துனர் பிறகு சொன்னதுதான் நம் மனத்தில் தங்கிவிட்டது. “எனக்குத் திங்கள் லீவு, பிள்ளைகளுக்கு ஞாயிறு லீவு. ஊரார் குடும்பமெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இருபத்தைந்து வருஷம் நான் அடுப்பில் நின்றேன், மாப்பிள்ளை. என் பெரியவளோடு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதை விரல்விட்டு எண்ணலாம்.” நம் இல்லத்தரசி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, “அண்ணே, கிளம்புங்கள், நேரமாகிறது” என்று மட்டும் கூறினார்.

அன்று நாம் சென்றது ரெசிடென்சி சாலை. அங்கே 1984 முதல் நாகார்ஜுனா என்னும் ஆந்திர உணவகம் நடக்கிறது. ஆந்திரச் சாப்பாட்டுக் கடைகள் இந்நகரில் திங்கட்கிழமைக்காரரின் தோழர்கள். இலை விரித்து, பருப்புப்பொடியும் நெய்யும் இட்டு, கோங்கூராத் துவையலைக் கேட்குமுன் வைத்துவிடுவார்கள். காரம் கண்ணில் நீரை வரவழைக்கும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் தயிரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நலம். காரம் ஒவ்வாதவர்களுக்குக் காந்திநகர்ப் பக்கம் வட கர்நாடகச் சாப்பாடு உண்டு. சோளரொட்டி, கத்தரிக்காய் எண்ணெகாயி, சட்னிப்பொடி, வெண்ணெய். ரொட்டியைச் சூட்டோடு தின்னவேண்டும், ஆறினால் அட்டைதான். மெஜஸ்டிக்கில் பேருந்துக்கும் ரயிலுக்கும் காத்திருப்போருக்கு இது மிகவும் அருகில்.

அவசரக்காரர்களுக்கு இருக்கவே இருக்கின்றன தர்ஷினிகள். 1983 இல் ஜயநகரில் கஃபே தர்ஷினி தொடங்கியபின் நகரெங்கும் பரவிய, நின்றுகொண்டே உண்ணும் கடைகள் இவை. சீட்டு வாங்கி, தட்டைத் தாமே ஏந்தி, ஐந்து நிமிடத்தில் காரியத்தை முடிக்கலாம். விலை நமக்கு ஏற்றது, கிழமை பார்ப்பதில்லை. எனினும் நம் இல்லத்தரசியின் வழக்கில் இது தள்ளுபடியாயிற்று. உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பதே அவருடைய மனுவின் உயிர்நாடி.

புலால் உண்போருக்கு மிலிட்டரி ஓட்டல்கள் உண்டு. ஆனால் கன்னட நாட்டில் பலர் திங்கட்கிழமையைச் சிவனுக்குரிய நாளாகக் கொண்டு புலாலைத் தவிர்ப்பார்கள். ஆகவே திறந்திருக்கிறதா என்று கேட்டபின் புறப்படுவதே நன்று. நட்சத்திர விடுதிகளிலும் பெரிய வணிக வளாகங்களிலும் பிரெஞ்சு, இத்தாலிய உணவு தேடும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வோம். தனியாக நடக்கும் சிறிய மேனாட்டு விடுதிகளில் சில பாரிசு வழக்கத்தையே பின்பற்றித் திங்களன்று அடைத்துவிடுகின்றன. மைத்துனரை அங்கே அழைத்தபோது கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் தமிழர் நடத்தும் சிறு மெஸ்கள் நம் அன்பர்கள் பலருக்குத் தெரிந்தவை. 1864 இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்ததற்கு முன்னும் பின்னும் படைவீரராகவும் கூலியாளாகவும் நம்மவர் வந்து குடியேறிய பகுதிகள் அவை. வத்தக்குழம்பும் கீரைக்கூட்டும் அப்பளமும் அங்கே திங்களன்று பன்னிரண்டரைக்கே தயார். இரண்டு மணிக்குமேல் போனால் ரசமும் மோரும்தான் மிஞ்சியிருக்கும். பெண்மணி ஒருவர் கணவரோடு சேர்ந்து நடத்தும் ஒரு மெஸ்ஸில், “அக்கா, உங்களுக்கு என்றைக்கு லீவு?” என்று நம் இல்லத்தரசி கேட்டார். “ஞாயிறு கடைக்கு லீவு. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாருக்கும் நான் நிதானமாகச் சமைப்பேன்” என்றார் அவர், குழம்புக் கரண்டியை அடுத்த இலைக்கு நகர்த்திக்கொண்டே. நம் பிள்ளைகள் மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வருவார்களாதலால், மோர்சாதத்தை விரைவாக முடித்துக்கொண்டு எழுந்தோம்.