ஒயில் சொட்டிய இடம்

நமது வளவில் நிற்கும் மோட்டார்க் காரின் கீழே, ஒருநாட் காலை, நாணயக் குற்றியளவில் கரிய வட்டமொன்றைக் கண்டோம். மறுநாள் அது இரண்டாயிற்று. மாதமொன்று கழிவதற்குள் அவ்விடத்து மண் கறுத்து, மழை நீரையும் ஏற்காது பளபளக்கத் தொடங்கிற்று. கோலை இழுத்து எஞ்சின் ஒயிலை அளந்து பார்ப்பதும், குறைந்ததை ஊற்றுவதும் இரு வாரத்துக்கொரு முறை நிகழும் வழக்கமாயின. கராஜுக்குக் கொடுப்பதிலும் பார்க்க ஒயில் ஊற்றுவது மலிவு என்பது நமது கணக்கு.

கார் நாம் தேடி வாங்கியதன்று. கடல் கடந்து சென்ற மைத்துனர் நம்மிடம் விட்டுச் சென்றது. 1996 ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த லான்சர் எவலூஷன், அவ்வரிசையில் நான்காவது. அவ்வாண்டு தொடக்கம் 1999 வரை, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, பின்லாந்துக்காரரான டொம்மி மக்கினென் உலக ரலிப் பந்தயத்தில் வாகை சூடியது இவ்வினக் கார்களிலேயே. இரண்டு லீற்றர் எஞ்சின். ரேர்போவின் துணையால் 280 குதிரைவலு. சந்தைக்கும் வாசிகசாலைக்கும் போய்வருகின்ற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இது சற்றும் பொருந்தாத வாகனம் என்பதை அயலவர் சொல்லித்தான் நாம் அறியவேண்டும் என்பதில்லை. ஆயினும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், ஓடக்கூடிய எதனையும் கைவிட எவர்தாம் துணிவர்?

ஒருநாள் சந்தியில் நின்றபோது எஞ்சின் மூடியின் ஓரத்தால் புகை எழுந்தது. அன்றே கராஜுக்குப் போனோம். மேலே தகரக் கூரை, கீழே ஒரு குழி; அவ்வளவே அந்தக் கராஜ். மெக்கானிக் அண்ணைக்கு அறுபது கடந்துவிட்டது. உதவிக்குப் பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவன்.

"சீலுகள் எல்லாத்தையும் மாத்திவிடுங்கோ, அண்ணை" என்றோம்.

"முதல்லை கழுவிப் பாப்பம், மாஸ்ரர். எங்கை ஈரமெண்டு தெரியாமல் எதை மாத்திறது?"

ஒயில் சொட்டும் இடம் வேறு. அது கசியும் இடம் வேறு. கசிந்தது இரும்பின் மேலே வழிந்து, கார் ஓடும்போது காற்றினால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, எங்கோ ஒரு மூலையில் வந்து துளியாகத் திரள்கின்றது. ஆகவே பொடியன் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எஞ்சினை ஒரு முற்பகல் முழுவதும் கழுவினான். உலர்ந்தபின், குழந்தைகளுக்குப் பூசும் புட்டாமாவை அதன்மேல் தூவினார்கள். சிறிது தூரம் ஓடிவந்து, ரோச் வெளிச்சத்தில் பார்த்தோம். வெண்மையின் நடுவே மூன்று இடங்கள் ஈரமாய்த் தெரிந்தன.

ஒன்று, எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழுள்ள ரப்பர். இருபத்தைந்தாண்டு வெப்பத்தில் அது மாட்டுக்கொம்பு போல இறுகிக் கிடந்தது. பிளக்குகள் இருக்கும் குழிகளிலும் ஒயில் தேங்கியிருந்தது. இன்னொன்று, ரேர்போவிலிருந்து ஒயில் திரும்பி இறங்கும் குழாயின் மூட்டு. அதிலிருந்து சொட்டியது கொதிக்கும் புகைக்குழாயின் மேல் விழுந்ததாலேயே சந்தியிற் புகை கண்டோம். புகை மாத்திரம் எழுந்தது நமது நற்காலம், தீயும் பற்றியிருக்கலாம். ஆனால் அண்ணை நெற்றியைச் சுருக்கியது மூன்றாவதைக் கண்டபோதுதான். கேம் தண்டின் முன்சீல் கசிந்து, அருகே ஓடும் ரைமிங் பெல்ற்றை நனைத்திருந்தது. ஒயிலில் ஊறிய பெல்ற் நாளடைவில் உப்பி மென்மையாகும். அதன் பற்கள் தவறினால் இவ்வகை எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும். அதன்பின் திருத்த எஞ்சினே மிஞ்சாது.

சீலைக் கழற்றுமுன் அவர் இன்னொன்று செய்தார். மேல்மூடியிற் செருகியிருந்த, விரலளவு வால்வொன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். நல்லதானால் உள்ளே கலகலக்க வேண்டுமாம். ஓசையில்லை, கரி பிடித்து அடைபட்டிருந்தது.

"இதுதான் எஞ்சின் மூச்சுவிடுற வழி. பிஸ்டன் வளையத்தாலை கொஞ்சக் காத்து எப்பவும் கீழை இறங்கும். ரேர்போ எஞ்சினிலை இன்னும் கூட. போக வழியில்லாட்டில் எங்கை ரப்பர் சோர்ந்திருக்கோ அங்காலை ஒயிலைத் தள்ளும். இதை விட்டிட்டுப் புதுச் சீல் போட்டாலும் ஆறு மாசத்திலை திரும்ப வருவியள். சீலிலை பிழையில்லை, மாஸ்ரர்."

கடைசி வாங்கிற் சத்தமிட்ட பிள்ளைக்கு மாத்திரம் அடி கொடுத்த நமது ஆசிரிய நாட்கள் ஏனோ நினைவுக்கு வந்தன.

வேலை இரண்டு நாள் நீடித்தது. புதுச் சீலின் உதட்டில் ஒயில் தடவி, கோணாமல், தட்டித் தட்டி இறக்கினார். பழைய சீல் தண்டில் ஒரு மெல்லிய தடம் தேய்த்திருந்தது. புதியது அதே தடத்தில் இராதபடி சற்று வெளியே நிறுத்தினார். இதெல்லாம் எந்தப் பாடசாலையில் கற்பிக்கப்படுகின்றது?

கணக்குச் சீட்டைக் கண்டதும் நாம் பேரம் பேசினோம். சீலின் விலை இவ்வளவு சிறிதாயிருக்க, கூலி இவ்வளவு பெரிதா என்றோம். பொருளுக்குக் கடைக்காரன் கேட்டதை வாய் திறவாது கொடுக்கின்ற நாம், உழைப்புக்கு மாத்திரம் விலை குறைக்கப் பழகியிருக்கின்றோம். அப்பொழுது பொடியன் கை கழுவிக்கொண்டு நின்றான். மணிக்கட்டு வரை தோல் வெடித்திருந்தது. நகத்தடியிலிருந்த கறுப்பு சவர்க்காரத்துக்கு மசியவில்லை. எரிந்த எஞ்சின் ஒயில் தோலுக்குத் தீங்கானது. விலங்குகளில் அது தோற்புற்றை விளைவிப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கையுறை இல்லையா என்று கேட்டோம். "போட்டால் சின்ன நட்டுப் பிடிபடாது, சேர்" என்றான். கேட்ட தொகையைக் கொடுத்தோம். அது பெருந்தன்மையன்று, வெட்கம்.

புறப்படும்போது அண்ணை கேட்டார்: "வீட்டிலை காரை எங்கை விடுறனீங்கள், மாஸ்ரர்? கிணறு எவ்வளவு தூரம்?"

இருபது அடி இருக்கலாம் என்றோம். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. வடித்த பழைய ஒயிலைப் பொடியன் ஒரு துளி சிந்தாது பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளால் இறங்கும் மழைநீரே நமது கிணறுகளில் ஊறுகின்றது. மேலே சிந்துவதும் அவ்வழியே இறங்கும். சுன்னாகச் சுற்றாடலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததும், 2015 அளவில் மக்கள் வீதிக்கு இறங்கியதும், பவுசர் வண்டியின் பின்னே குடங்களோடு நின்றதும் யாவரும் அறிந்ததே. மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாட்களில் கூட்டங்களில் உரத்துப் பேசியவர்களில் நாமும் ஒருவர். மின் நிலையத்தையும் ஒரு காரையும் ஒரே தராசில் வைப்பது நீதியன்று, அதை அறிவோம். எனினும், இரு வாரத்துக்கொரு முறை நாம் ஊற்றிய ஒயில் எங்கே போயிற்று என்ற கேள்வியை நாம் ஒருபோதும் கேட்டதில்லை. குறைந்தது என்பதே நமது கவலையாயிருந்தது.

கறுத்த மண்ணை வெட்டி அள்ளி ஒரு பழைய தகரத்தில் இட்டு வைத்திருக்கின்றோம். அதனை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்று பிரதேச சபையிலே கேட்டோம். இன்னும் மறுமொழி இல்லை. கியர்ப்பெட்டி எஞ்சினோடு சேருமிடத்தில் சிறு ஈரமொன்று எஞ்சியிருக்கின்றது. அதற்குக் கியர்ப்பெட்டியை இறக்க வேண்டும். தை பிறந்ததும் பார்ப்போம் என்றார் அண்ணை. அதுவரை இரவில் காரின் கீழே ஒரு தட்டம் வைக்கின்றோம். விடியலில் கிணற்றடிக்குப் போகுமுன் அதனையே முதலிற் பார்க்கின்றோம். நேற்று இரண்டு துளி இருந்தது.