மேடை மொழி பழகும் பிள்ளைகள்

ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது சிம்பாங் பூலாய். கேமரன் மலைக்குச் சாலை பிரிவது இங்கேதான். கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் ‘வள்ளி திருமணம்’ பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். இவர்களுடைய தாத்தா பாட்டிமார் தோட்டத்து லயங்களில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள். பிள்ளைகளோ வெவ்வேறு தாமான்களிலிருந்து வருகிறார்கள். ஒத்திகை நாளில்தான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆர்மோனிய மாஸ்டர் முதலில் பெட்டியைத் திறக்கவே இல்லை. சாக்கட்டியால் சிமெண்டுத் தரையில் ஒன்பது கட்டம் போட்டார். “வலப்பக்கம் வா” என்றதும் பாதிப் பேர் இடப்பக்கம் போனார்கள். “சபையைப் பார்த்து நில்லு. உன் வலக்கை இருக்கிற பக்கம்தான் மேடைக்கு வலம். உட்கார்ந்து பார்க்கிறவங்க கணக்கு நமக்கு வேணாம்.” பிறகு முன்மேடை, பின்மேடை, படுதா, சைடு. ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் தரை சபையை நோக்கிச் சரிந்திருந்தது. மேடான பின்பகுதிக்கு ‘அப்ஸ்டேஜ்’ என்று பெயர் வந்தது அதனால்தான். பள்ளியில் ஆங்கில நாடகம் ஆடுகிறவர்களுக்காக அதையும் சொல்லிவைத்தார்.

அடுத்தது சுருதிக் கட்டை. நாரதராக நடிக்கும் பையனுக்கு மகரக்கட்டு. மேலே போனால் குரல் உடைகிறது. வள்ளிக்கு ஐந்தரைக் கட்டை சர்வசாதாரணம். தர்க்கத்தில் இருவரும் மாறிமாறிப் பாட வேண்டும். “மாஸ்டர், நாலரையில எடுங்க. அண்ணனால மேல முடியல” என்று வள்ளியே கேட்டாள். கறுப்புக் கட்டையில் விரல் மாறியது. பாட்டு தடங்கலின்றி ஓடியது. சிறுவர்களே நடித்த அந்தக் காலப் பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையன் பாட்டு வேடத்தை இழப்பான். இங்கே சக நடிகை சரியான சொல் அறிந்திருந்ததால் வேடம் தப்பியது.

அத்தகைய கம்பெனிகளில் ஒன்றாக, மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பழக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவருடைய நாடகங்கள் இன்றும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ‘ஸ்பெஷல் நாடகமாக’ நடக்கின்றன. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறவர்கள் அன்றிரவுதான் ஒன்றுசேர்வார்கள். ஒத்திகை கிடையாது, ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். எல்லோருக்கும் பொதுவான பாடமும், எந்தக் கட்டை, எந்தப் பக்கம் நுழைவு, யார் அடியெடுத்துக் கொடுப்பது என்று சட்டென்று பேசி முடிக்கிற மேடை மொழியும்தான் அந்த இரவைத் தாங்குகின்றன.

தோட்டங்கள் கலைந்தபின் நம் பிள்ளைகளுக்கும் அந்த மொழி அவசியம். திருவிழா நெருங்கும்போது ஒரு பாட்டை மனப்பாடம் செய்யவைத்து, உடுப்பு மாட்டி ஏற்றிவிட்டால் அந்தப் பாட்டு மட்டுமே மிஞ்சும். கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டு முழுக்க ஒரு தரையும் ஓர் ஆர்மோனியமும் கொடுக்கட்டும். அப்படிப் பழகிய பிள்ளை நாளைக்குச் சுங்கை சிப்புட்டில் மேடையேறினாலும், முன்பின் தெரியாத ஒரு வள்ளியோடு நாடகத்தை நடத்திக் கொடுத்துவிடும்.