கரை சேர்த்த கயிறு

விளையாட்டுக் கலங்களுள் நீரில் செல்லும் மாதிரிப் படகு தனித்தன்மை உடையது. தரையில் ஓடும் பொம்மை வண்டி நின்றுவிட்டால் நடந்து சென்று எடுத்து வரலாம். வானில் பறக்கும் கலம் பழுதுபட்டால் அது தானே மண்ணுக்கு இறங்கிவிடும். படகோ நடுநீரில் நின்றுவிட்டால் அங்கேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. அதனை மீட்பதற்குப் பொறியியல் அறிவு மட்டும் போதாது. பொறுமையும் பிறர் துணையும் வேண்டும். இதனை நான் கொல்கத்தாவின் தென்புறத்தில் உள்ள ஒரு குளக்கரையில் கண்டுணர்ந்தேன்.

கம்பியின்றிக் கலம் செலுத்தும் கலைக்கு நெடிய வரலாறு உண்டு. 1898ஆம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை வானலைகளின் வாயிலாக இயக்கிக் காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஜகதீச சந்திர போஸ் கொல்கத்தாவில் சுவர்களைக் கடந்து செல்லும் மின்காந்த அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்திருந்தார். அவ்விருவர் கண்ட அலைகளின் உறவினவே இன்று சிறுவர் கைகளில் உள்ள இயக்கிகளிலிருந்து புறப்படும் அலைகள். பெரும்பாலான இயக்கிகள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இவ்வலைகள் நீருக்குள் நெடுந்தொலைவு செல்லா. ஆதலால் படகின் அலைவாங்கியை நீர்மட்டத்திற்கு மேலே உயர்த்தி வைப்பர்.

என் தமக்கை மகன் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது அத்தகைய படகு ஒன்றை வைத்திருந்தான். அது கடையில் வாங்கியது அன்று. கிதர்பூர்க் கப்பல்துறையில் தச்சராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தையார், மெல்லிய பலகைகளை இழைத்து, வளைத்து, ஒட்டி, இரண்டடி நீளமுள்ள அந்த இழுவைப் படகின் உடலை உருவாக்கினார். அதற்கு வண்ணம் பூசும் முன்னரே அவர் காலமானார். மின்பொறி, மின்கலம், சுக்கான் ஆகியவற்றைப் பேரனே பொருத்தினான். பாட்டனாரின் கையும் பேரனின் கையும் கலந்த ஒரே பொருள் எங்கள் வீட்டில் அதுதான்.

வங்கத்தில் குளத்தைப் 'புகுர்' என்பர். வீடுகளின் நடுவே அமைந்த அந்தப் புகுர் ஏறத்தாழ 40 மீட்டர் அகலமும் 80 மீட்டர் நீளமும் உடையது. வடபுறம் படித்துறை, கிழக்கிலும் மேற்கிலும் நடைபாதை, நடுவே ஓர் அறையளவு பரப்பில் ஆகாயத்தாமரைத் திட்டு. தென்னமெரிக்காவில் தோன்றிய இச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கத்திற்குள் வந்தது. விரைவில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் அடைத்துப் படகுப் போக்குவரத்தைத் தடுத்தது. இதனை ஒழிப்பதற்கென்றே 1936ஆம் ஆண்டு வங்கத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தது; செடி போகவில்லை. அதன் ஊதா மலர் காண்பதற்கு இனியது. நீருக்கடியில் தொங்கும் கரிய வேர்க்கற்றைகளோ எதிர்ப்படுவதையெல்லாம் பற்றிக்கொள்ளும்.

சரஸ்வதி பூசைக்குச் சில நாள்களே இருந்த தை மாதத்து மாலைப்பொழுது. படகு குளத்தைச் சுற்றி அழகாக வந்துகொண்டிருந்தது. செடித்திட்டின் ஓரமாக அது திரும்பியபோது வேர்நார்கள் உந்துவிசிறியில் சுற்றிக்கொண்டன. பொறியின் முனகல் கேட்டது, படகு நின்றது. "விசையை விட்டுவிடு" என்றேன். சுழல முடியாத பொறிக்கு மின்சாரம் செலுத்திக்கொண்டே இருந்தால் பொறியும் மின்கலமும் சூடேறிக் கெடும். அவன் விசையை விடுத்துச் சுக்கானை மட்டும் அசைத்துப் பார்த்தான். அது இடமும் வலமும் திரும்பிற்று. கட்டளை படகுக்குக் கேட்கிறது, நகரத்தான் இயலவில்லை.

அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.

"எனக்கு நீந்தத் தெரியும், மாமா. இருபது மீட்டர்தான்."

அவன் தோளைப் பற்றினேன். "அந்த வேர் விசிறியை நிறுத்திவிட்டது. உன் காலை மட்டும் விட்டுவிடுமா?"

"அது தாத்தா செய்தது."

"செய்தவர் இங்கிருந்தால் முதலில் உன்னைத்தான் பிடித்து நிறுத்துவார்."

அவன் மறுமொழி கூறவில்லை. கண்கள் மட்டும் கலங்கின. அந்தப் படகு என் தந்தையாரின் கடைசி வேலை என்பதை நானும் அறிவேன். இருந்தும் அவன் தோளிலிருந்து கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நின்ற படகை மீட்க முதல் வழி காத்திருத்தல். காற்று வீசினால் படகு எதிர்க்கரைக்கு ஒதுங்கும். அன்றோ ஓர் இலைகூட அசையவில்லை. மேலும் ஐந்தரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடும். இரண்டாவது வழி, பந்தில் மெல்லிய நூலைக் கட்டிப் படகுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுத்தல். மும்முறை எறிந்தோம். பந்து இருமுறை படகை எட்டவில்லை. மூன்றாம் முறை செடிகளுக்குள் விழுந்து சிக்கிக்கொண்டது. இதற்குள் கரையில் கூடிய சிறுவர் சிலர் கல்லெறிந்து அலை எழுப்ப முனைந்தனர். அலை படகைத் தள்ளுமுன் கல் அதனை உடைத்துவிடும் என்று கூறித் தடுத்தேன்.

படித்துறையில் தூண்டிலிட்டு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தமக்கை மகன் அவரிடம் ஓடி, "தாது, உங்கள் தூண்டிலை வீசி இழுத்துத் தருவீர்களா?" என்று வங்கமொழியில் கேட்டான். அவர் தலையசைத்து மறுத்தார். "முள் பலகையில் பட்டால் கீறும். செடி படகைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் கவிழ்ந்து மூழ்கும். படகைச் செடியிலிருந்து பிரிக்க ஏன் முயல்கிறாய்? செடியோடு சேர்த்தே கொண்டுவா" என்றார்.

நாங்கள் எண்ணிப் பாராத வழி அது. ஆகாயத்தாமரை மண்ணில் வேரூன்றுவதில்லை, மிதந்தே வாழ்கிறது. ஆகவே திட்டு முழுவதையும் நகர்த்த இயலும். அதற்கு நீண்ட கயிறு தேவை. அருகிலிருந்த வீட்டார் நைலான் கயிறு கொணர்ந்தனர். முதியவர் அதனை ஒதுக்கினார். நைலான் நீரில் அமிழ்ந்து திட்டின் அடியில் நழுவிவிடும். தென்னை நார்க்கயிறு மிதக்கும். பூசைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள், தம் நார்க்கயிறுகளை முடிச்சிட்டு 60 மீட்டர் அளவுக்கு நீட்டிக் கொடுத்தனர். இடையிடையே காலி நெகிழிப் புட்டிகளையும் மிதவைகளாகக் கட்டினோம்.

கயிற்றைத் தென்கரையில் விரித்து, ஒரு முனையைக் கிழக்குக் கரையினரும் மறுமுனையை மேற்குக் கரையினரும் பற்றி வடக்கு நோக்கி நடந்தோம். ஒரு பக்கம் முந்தினாலும் கயிறு சாய்ந்து திட்டு நழுவும். ஆகவே முதியவர் படித்துறையில் நின்று கையுயர்த்தி இரு பக்கத்தாரையும் ஒரே சீராக நடக்கச் செய்தார். கயிறு வில்லாக வளைந்து திட்டைத் தழுவியது. சிறிது நேரம் ஒன்றும் அசையவில்லை. பின்னர்ப் பச்சைத் திட்டு முழுவதும் மெல்ல நகரத் தொடங்கிற்று. அதன் ஓரத்தில் அந்தச் சிறு படகு, அமைதியாகக் கூடவே வந்தது. வழக்கமாகப் பெரிய கப்பல்களைத் தான் இழுத்துச் செல்லும் இழுவைப் படகை அன்று ஒரு தெருவே இழுத்து வந்தது.

படித்துறையின் கடைசிப் படியில் அமர்ந்து அவன் படகைத் தூக்கினான். விசிறியில் சுற்றிய வேரை முதியவர் தம் சிறு கத்தியால் அறுத்து எடுத்தார். பின்பு படகைத் திருப்பிப் பலகைகளின் பொருத்துகளை விரலால் தடவி, "இதைச் செய்தவர் யார்?" என்று வினவினார். "என் தாத்தா" என்றான் அவன். "நல்ல கை" என்று மட்டும் கூறி, அவர் தம் தூண்டிலிடம் திரும்பினார்.

கரைக்கு வந்த செடிகளை என்ன செய்வது? மீண்டும் நீரில் தள்ள எவருக்கும் மனமில்லை. இருட்டும் வரை அவற்றை அள்ளி மேட்டில் குவித்தோம். பல நாள்களுக்குப் பின் குளத்தின் நடுவே வானம் முழுமையாகத் தெரிந்தது.

இப்போது அப்படகின் விசிறியைச் சுற்றி ஒரு கம்பிக்கூடு உள்ளது. படகுப் பெட்டிக்குள் ஒரு சுருள் தென்னை நார்க்கயிறும் இருக்கிறது. குளத்தில் செடி மீண்டும் முளைக்கத்தான் செய்கிறது. விடுமுறை நாள்களில் அவனும் அத்தெருச் சிறுவர்களும் கயிற்றின் இரு முனைகளைப் பற்றிக் கரையோரம் நடக்கிறார்கள்; படகு சிக்கியிராத நாள்களிலும்.

பயிற்சி

1. மாதிரிப் படகு பிற விளையாட்டுக் கலங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. முதியவர் நைலான் கயிற்றை ஒதுக்கியது ஏன்?
3. "செடியோடு சேர்த்தே கொண்டுவா" – இக்கூற்றின் பொருத்தத்தை விளக்குக.
4. உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றைக் காக்கப் பலர் கூடிச் செய்த பணியைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.