தரைக்கு அடியில் இருக்கும் ஏரி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு விதமான தரைகளைப் பார்க்கலாம். மருந்தும் மின்னணுக் கருவிகளும் செய்கிற கூடங்களில், பச்சை அல்லது சாம்பல் நிறத்தில், இணைப்புக் கோடு எதுவுமின்றி, மேலே எரியும் குழல்விளக்குகள் தலைகீழாய்த் தெரிய விரிந்து கிடக்கும் தரை ஒன்று. அதே தெருவின் கோடியிலுள்ள லேத் பட்டறையில், இரும்புச் சுருளும் எண்ணெயும் மிதிபட்டுக் கறுத்துப்போன சிமெண்டுத் தரை மற்றொன்று. முதல் வகைத் தரையின் மேல் பூசப்பட்டிருப்பது எபாக்ஸி. தொழிற்கூடங்களின் தேவைக்காகப் பரவிய அந்தப் பூச்சு, அண்மை ஆண்டுகளில் மதில் தாண்டி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடங்களுக்கும் வந்துவிட்டது. வந்த இடத்தில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை எங்கள் குடியிருப்பின் அனுபவத்தை வைத்துச் சொல்ல முற்படுகிறோம்.

பூச்சின் பூர்வீகத்தை முதலில் சொல்லிவிடலாம். 1930களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் பொய்ப்பற்கள் செய்வதற்கு ஏற்ற பிசின் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண்டடைந்ததும், 1940களில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ தனியே உருவாக்கியதும் ஒரே குடும்பத்துப் பொருட்கள். சிபா நிறுவனம் 1946இல் அதை அரால்டைட் என்ற பெயரில் ஒட்டுப்பசையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடைந்த பீங்கானை ஒட்டுவதற்காக, இரண்டு சிறு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கித் தீக்குச்சியால் குழைத்த நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். தரையில் பூசுவதும் அடிப்படையில் அதுவேதான். ஒரு டப்பாவில் பிசின், மற்றொன்றில் ஹார்ட்னர். கலக்காதவரை இரண்டும் திரவம். கலந்த பின்போ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மறுபடி உருக்க முடியாத வலையாகிவிடுகின்றன. இந்தப் பிசினின் மூலப்பொருட்களில் ஒன்றான எபிகுளோரோஹைட்ரின் ஒரு காலத்தில் வடசென்னையின் மணலியிலேயே தயாரானது.

தொழிற்கூடங்கள் இதை விரும்பியதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட் பார்வைக்குக் கல்; உள்ளுக்குள் அது ஒரு கடற்பஞ்சு. கலக்கும்போது ஊற்றிய நீரில் சிமெண்டுக்குத் தேவைப்படாத பங்கு வெளியேறிய வழிகளெல்லாம் மயிரிழைத் துளைகளாக எஞ்சிவிடுகின்றன. சிந்திய எண்ணெய் அவற்றின் வழியே இறங்குகிறது. சக்கரங்கள் உருள உருள மேற்பரப்பு தேய்ந்து தூசி கிளம்புகிறது. எபாக்ஸி இந்தத் துளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. அதன் பெருமை அதுதான். ஏரிக்கரைக் குடியிருப்பில் அதன் சிக்கலும் அதுவேதான்.

இந்தப் பகுதியின் வரலாற்றில் இரண்டு அடுக்குகள் உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. கிண்டியில் 1958இலும் அம்பத்தூரில் 1964இலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடப்புத்தகங்களில் இடம்பெறும் வரலாறு இது. அதற்கு அடியில் இருப்பது ஏரிகளின் வரலாறு. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம், நடுவே அயனம்பாக்கம் என்று நீர் நிற்க வேண்டிய இடங்களும் நடக்க வேண்டிய வழிகளும் ஒழுங்காகத் தீர்மானிக்கப்பட்டிருந்த நிலம் இது. அந்த வழிகளின்மீதும் கரையோர வயல்களின்மீதும்தான் நம் வீடுகளில் பல நிற்கின்றன. கால்வாயைத் தூர்த்துவிடலாம், வயலை மனையாக்கிப் பட்டா வாங்கிவிடலாம். நிலத்தடி நீர் மட்டத்துக்கு அந்த ஆவணங்கள் கட்டுப்படுவதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் அது வழக்கம்போல் மேலேறி வருகிறது.

எங்கள் குடியிருப்பு அம்பத்தூர் ஏரிக்கு அருகில், தூண்தளத்தின் மேல் நான்கு மாடிகளும் எட்டு வீடுகளும் கொண்ட கட்டடம். 2019இல் நாங்கள் குடிவந்தபோது கார் நிறுத்துமிடம் பளபளவென்று சாம்பல் நிறத்தில் மின்னியது. வீடு வாங்க வருபவர்களைக் கட்டுநர் முதலில் அங்கேதான் நிறுத்திப் பேசுவார். அந்த ஆண்டு மழை முடிவதற்குள் தரையில் அம்மைக் கொப்புளங்கள்போலச் சிறு குமிழிகள் எழுந்தன. ஒன்றை ஆணியால் குத்தினால் பிசுபிசுத்த நீர் வெளிவந்தது. அடுத்த ஆண்டு குமிழிகள் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தன. கார்ச் சக்கரங்கள் அவற்றை நசுக்கின. உரிந்த இடங்களில் பழைய கான்கிரீட் வெளியே தெரிந்தது.

மேலிருந்து விழும் நீரை எபாக்ஸி நன்றாகவே தடுக்கும். ஆனால் ஈரம் கீழிருந்தும் வருகிறது. மண்ணிலிருந்து கான்கிரீட்டின் துளைகள் வழியே ஏறும் ஈரம், திறந்த தரையாக இருந்தால் ஆவியாகிப் போய்விடும். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. பூச்சு அந்த வழியை அடைத்ததும் ஈரம் அதன் அடியில் தேங்குகிறது. கூடவே வந்த உப்புகள் மேலும் நீரை இழுக்கின்றன. அழுத்தம் கூடக்கூடப் பூச்சு தூக்கிக்கொள்கிறது. தளம் போடும்போது அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பு ஒன்றைப் பரப்பியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். பின்னர் ஒரு மூலையை உடைத்துப் பார்த்தபோது அங்கே விரிப்பு இல்லை. கட்டட இடிபாடும் களிமண்ணும்தான் இருந்தன.

குமிழியைவிடப் பெரிய துன்பம் ஒன்றும் நேர்ந்தது. துளையற்ற வழவழப்பான தரை, மார்கழி விடியலின் ஈரக்காற்றில் வியர்க்கும். 2021இல் அப்படியொரு விடியற்காலையில், எங்கள் இரவுக் காவலர், அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தத் தளத்தில் ஓர் இரவு முழுவதையும் கழிக்கும் ஒரே மனிதர் அவர்தான். தரையின் அழகைக் குறித்து அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தொழிற்பேட்டையே நீரில் மூழ்கியது. எங்கள் தளத்தில் முழங்காலளவு நின்றது. நீர் வடிந்தபோது எஞ்சியிருந்த பூச்சும் பாய்போல் சுருண்டு கிடந்தது. இனி என்ன செய்வது என்று எட்டு வீட்டாரும் கூடிப் பேசினோம். அப்படியே மறுபடி பூசித் தர மூன்று பேர் முன்வந்தனர். எபாக்ஸியோடு சிமெண்டும் சேர்ந்த மூன்று கூட்டுப் பூச்சை முதலில் போட்டால் ஈரத்தைத் தாக்குப்பிடிக்கும் என்றார் இன்னொருவர். அவர் சொன்னதில் உண்மை உண்டு. எங்கள் கையிருப்புக்கு அந்தச் செலவு எட்டவில்லை. ஆத்திரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் கொத்தி எறிந்துவிட்டு மண்ணாகவே விடலாம் என்றார்.

அப்போது பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துக் காட்டினோம். இந்தப் பகுதியிலேயே நாற்பது ஆண்டுகளாகக் கட்டட வேலை பார்ப்பவர். குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெயில் காலத்துல தரையக் கேட்டா, காஞ்சிருக்கேன்னுதான் சார் சொல்லும். மழை ஓஞ்ச ஒடனே கேளுங்க. அப்பதான் உண்மையப் பேசும்."

"எப்படி மேஸ்திரி கேக்குறது?"

"பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு நாலு பக்கமும் டேப்பு ஒட்டிடுங்க சார். மறுநாள் காலைல எடுத்துப் பாருங்க, வேர்த்திருக்கும்."

தொழில்துறையில் இதற்கு ஒரு முறையான விதியே உண்டு. பதினெட்டு அங்குலச் சதுரமான பாலித்தீன் தாளைத் தரையில் காற்றுப்புகாமல் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். எடுக்கும்போது அடியில் நீர்த்துளியோ கான்கிரீட்டில் கருமையோ தெரிந்தால் ஈரம் ஏறுகிறதென்று பொருள். 2024 தை மாதத்தில், உரிந்த பூச்சையெல்லாம் சுரண்டியெடுத்த பிறகு, பத்து இடங்களில் தாள் ஒட்டினோம். ஏரிப் பக்கமாக ஒட்டிய ஐந்திலும் மறுநாள் முத்து முத்தாக நீர். மேட்டில் அமைந்த தெருப் பக்கத்து ஐந்தும் உலர்ந்திருந்தன. ஒரே கூரையின் கீழ் தரை இரண்டாகப் பிரிந்து நின்றது. எந்த ஒப்பந்தக்காரரும் சொல்லாத தீர்ப்பைப் பத்துத் துண்டுப் பாலித்தீன் சொல்லிவிட்டது.

அதன்படியே செய்தோம். தெருப் பக்கத்துப் பாதிக்கு மட்டும் பங்குனியில் எபாக்ஸி. முதலில் வைரக்கல் பதித்த கிரைண்டரால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். இந்த வேலையில் கிளம்பும் நுண்தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. எனவே தூசி உறிஞ்சும் இயந்திரம் பொருத்தியே தேய்க்க வேண்டுமென்பதை ஒப்பந்தத்தில் எழுதினோம். வேலைக்கு வந்த பீகார் இளைஞர்கள் ஹார்ட்னரை வெறுங்கையால் தொட்டுக் கலக்கப் பழகியிருந்தார்கள். அது தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் சிறிதளவு பட்டாலும் புண்ணாகும். கையுறை வாங்கிக் கொடுத்தோம். வெயிலில் கழற்றினார்கள்; மறுபடி மாட்டச் சொன்னோம்.

வேலை நடந்த விதத்தைக் காண்பது ஓர் இன்பம். கலந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். வாளியிலேயே வைத்திருந்தால் தானே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். ஆகவே கலந்த உடனே தரையில் நீளமாக ஊற்றிவிடுகிறார்கள். வாளியின் பக்கங்களில் ஒட்டியிருப்பதை வழித்து ஊற்றுவதில்லை. சரியாகக் கலக்காத பிசின் அங்கேதான் இருக்கும். அது விழுந்த இடம் என்றும் உலராமல் பிசுக்கென்று நிற்கும். முள் பதித்த செருப்பணிந்து ஈரப்பூச்சின் மேலேயே நடந்து, முள் உருளையால் காற்றுக் குமிழிகளை உடைக்கிறார்கள். விடியலில் தரை குளிர்ந்து பனி படியும் வாய்ப்பிருப்பதால், வெயில் ஏறிய பின்பே தொடங்கினார்கள். கடைசிப் பூச்சு ஈரமாயிருக்கையில் நாங்கள் கேட்டபடி சிலிக்கா மணல் தூவினார்கள். பளபளப்பு போயிற்று. இரண்டு வீட்டாருக்கு அதில் வருத்தம்தான். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நீர் தெளித்து நடந்து பார்த்தார். "கால் நிக்குது" என்றார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

ஏரிப் பக்கத்துப் பாதியில் பழைய தளத்தை உடைத்தெடுத்து, மணல் பரப்பி, கடப்பைக் கற்களை இடைவெளி விட்டுப் பதித்தோம். சந்துகளில் சிமெண்டு அடைக்கவில்லை. சாணம் மெழுகிய மண்தரையும் சுண்ணாம்புத் தளமும் ஈரத்தை உள்ளே விட்டு வெளியே விட்டன. வாரந்தோறும் மெழுக வேண்டியிருந்ததை நாம் அவற்றின் குறையென்று நினைத்தோம். நிலத்தோடு இடையறாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது என்றும் சொல்லலாம். பழைமைக்குத் திரும்ப வேண்டுமென்பது எங்கள் வாதமல்ல. மருந்துக்கூடத்துக்கு எபாக்ஸிதான் தகும். எங்கள் தரையின் உலர்ந்த பாதிக்கும் அது தகுந்திருக்கிறது. எந்தப் பூச்சும் தன் அடியில் இருப்பதைவிட வலுவானதாக இருக்க முடியாது. அடியில் இருப்பது இன்னதென்று அறிந்த பிறகே அதன் டப்பாவைத் திறக்க வேண்டும்.

அதன்பின் வந்த மழைக்காலத்தில் எபாக்ஸிப் பாதியில் குமிழ் ஒன்றும் எழவில்லை. கற்கள் பதித்த பாதி ஐப்பசியில் கறுத்து, கார்த்திகை முழுவதும் ஈரமாய்க் கிடந்து, தை பிறந்ததும் மெல்ல வெளுத்தது. ஏரியில் எவ்வளவு நீர் என்று அறியப் பெரியவர் இப்போதெல்லாம் கரைவரை போவதில்லை. அந்தக் கற்களைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.