விடுபட்ட எண்

எண்களைக் கண்டு அஞ்சுவோர் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். சாதாரண தரத்தில் கணிதத்தை இரண்டாம் முறைதான் கடந்தேன். கலைப்பீடத்துள் நுழைந்ததும் அத்தொல்லை ஒழிந்தது என மகிழ்ந்தேன். ஆயினும் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் சென்ற விடுமுறை முழுவதும் மாங்கேணியில் என்னை விடாது பற்றிக்கொண்டது. 293,318,625,600 என்பதே அது.

இதனை விளங்கக் கடற்கரைக்குத்தான் செல்லவேண்டும். கரைவலை இழுத்து முடிந்ததும் என் பெத்தப்பா மணலில் மீனைக் கூறு போடுவார். பன்னிரண்டு மீனென்றால் இருவர், மூவர், நால்வர், அறுவர் எவர் வரினும் சண்டையின்றிப் பங்கிடலாம். பதின்மூன்றென்றால் தொல்லைதான். சரிவராது எஞ்சுபவற்றை உழைக்க ஆளற்ற வீடுகளுக்கென அவர் ஒதுக்கிவைப்பார்.

தன்னிலும் சிறிய எவ்வெண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்ணை உயர் சேர்த்தி எண் என்பர். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என அவ்வரிசை செல்லும். இவற்றை ஆழ்ந்து ஆராய்ந்து 1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதியவர் இராமானுஜன். கும்பகோணத்திலும் சென்னையிலும் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தோற்றுத் தோற்றுப் பட்டமின்றி நின்றவருக்கு, 1916 இல் கேம்பிரிட்ஜ் பட்டத்தை ஈட்டித் தந்தது இக்கட்டுரையே. (என் தோல்விக்கு நேரெதிரான தோல்வி என்பதனால் அவர்மீது எனக்குத் தனிப் பரிவுண்டு.) போர்க்காலப் பணமுடையால் சங்கம் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிடவில்லை, அது 1997 இல்தான் அச்சேறியது.

அக்கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. 6,746,328,388,800 வரையுள்ள உயர் சேர்த்தி எண்களை இராமானுஜன் அதில் நிரைப்படுத்தியுள்ளார். கணிப்பொறி தோன்றாத காலத்தில் கையால் செய்த வேலை. அதில் ஒரேயோர் எண் தவறிவிட்டது. அதுவே நான் மேலே கூறியது.

அது உண்மையிலேயே அவ்வரிசைக்கு உரியதா என நானே பார்க்க விரும்பினேன். எண்ணை முதன்மைக் காரணிகளாகப் பிரித்தேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 உம் 7 உம் இவ்விரு முறை, 11, 13, 17, 19 ஆகியன ஒவ்வொரு முறை. ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் மொத்தக் காரணிகளின் தொகை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5,040. வரிசையில் இதற்கு முன்னுள்ள 195,545,750,400 க்கு 4,608 காரணிகள். பின்னுள்ள 321,253,732,800 க்கு 5,376. இடைவெளியில் எண் அச்சொட்டாகப் பொருந்தியது. இடையில் வேறெதுவும் இல்லையென நிறுவ எனக்கு வல்லமை இல்லை. எண்ணிப் பார்த்தேன், அவ்வளவே. 5,040 என்ற தொகையும் ஓர் உயர் சேர்த்தி எண்ணே. பலவாறு பங்கிடலாம் என்பதற்காகவே பிளேட்டோ தமது இலட்சிய நகரின் குடிகளுக்கு அதனை விதித்தார்.

பின்னர்தான் வியப்பொன்று கண்டேன். விடுபட்ட எண்ணை 23 ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வருகிறது! அதாவது, இறுதி வரியை இராமானுஜன் எழுதியபோது தவறிய எண் அதனுள்ளேயே இருந்திருக்கிறது.

இதனைப் பெத்தப்பாவிடம் சொன்னேன். வலையின் கண்ணியைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "அவ்வளவு மீன் ஆர் புள்ள புடிக்கிற? சரி, எங்கட வாடியில இருபத்தி மூணு பேர். பங்கு சரியா வருமா?"

அங்கேயே மணலில் விரலால் வகுத்துப் பார்த்தேன். நெடுநேரம் சென்றது. பதினேழு மீன் மிச்சம்.

"அப்ப பதினேழு வீட்டுக்குக் குடுக்கலாம்" என்றார்.