அடுக்களையில் ஒரு கிணறு

விடுமுறைக்குக் காரைநகர் வந்த எம் பெயர்த்தி, "அம்மம்மா, எங்கட கிணத்துத் தண்ணி ஏன் உப்புக் கரிக்குது?" என்று வினவினாள்.

விடைகூற அடுக்களையையே துணைக்கொண்டோம். கண்ணாடிக் குவளையிற் பாதியளவு நீரூற்றி, இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்தோம். ஆறிய வெறுந்தேநீரைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டு, அதன்மேல் மெல்ல ஊற்றினோம். தேநீர் கலவாது மேலே நின்றது!

ஒரு லீற்றர் கடல்நீர், நன்னீரினும் ஏறக்குறைய 25 கிராம் கூடிய நிறையுடையது. ஆதலால், எம் தீவின் சுண்ணக்கற் பாறையினுள்ளும் மழைநீர் இவ்வாறே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது.

குழலொன்றைத் தேநீரில் வைத்து உறிஞ்சச் சொன்னோம். மெல்ல உறிஞ்சியபோது தேநீர் வந்தது. அவசரப்பட்டு உறிஞ்சியதும் முகஞ் சுளித்தாள். "உப்பு, அம்மம்மா!"

துலாவால் இறைத்த காலத்தில், ஊறுமளவே அள்ளினோம். பின்னர் இயந்திரம் பூட்டி ஓயாது இறைத்தவர்களும் நாமே. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலெழும் என்பதை அன்று எண்ணினோமில்லை. குழந்தையிடம் அதனை ஒளிக்காது கூறினோம்.

மறுநாள் அவள் அரை வாளி நீரிலேயே முகங் கழுவினாள். நாம் மாரிமழையை எதிர்நோக்கிக் கூரைப் பீலியைச் செப்பனிட்டோம். தாய்மாரும் தம் மக்களுக்கு இதனைச் செய்து காட்டுவார்களாக.